இத்தனை லட்சம் காப்பி விற்ற பிறகும் மேனர் லார்ட்ஸ் அப்டேட் ஏன் இப்படி இழுக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இடைக்கால ஊர் கட்டும் கம்ப்யூட்டர் கேமான மேனர் லார்ட்ஸை வெளியான புதிதிலேயே வாங்கினீர்கள். முதல் மாதத்திலேயே ஆசை தீர விளையாடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்து கிடைப்பதிலும் பாதி பக் (பிழை) திருத்தம். "இவ்வளவு சம்பாதித்தவர்கள் நாலு பேரை வேலைக்கு வைத்து முடித்துக் கொடுக்கக் கூடாதா? காசை வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஏன் தாமதம், பணம் இருந்தும் ஏன் வேகம் கூடவில்லை, நான் ஏமாந்துவிட்டேனா. முதல் இரண்டுக்கும் என் தொழிலிலிருந்தே பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, எந்தப் பகுதியில் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் பல வருடங்களாக கேம் புரோகிராமர். பெரும்பாலும் கிராமம், நகரம் கட்டும் சிமுலேஷன் வகை கேம்களில்தான் வேலை. மேனர் லார்ட்ஸ் குழுவோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அவர்களுடைய கோடை (code, கேமின் நிரலை) நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அந்த கேமின் உள்ளே இன்ன இடத்தில்தான் சிக்கல் என்று நான் சொன்னால் அது ஊகம். இந்த வகை கேம்கள் எல்லாவற்றிலும் எங்கே சிக்கல் வரும் என்பது ஊகமில்லை, தினமும் பார்ப்பது. கீழே இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஊரறிந்த விஷயங்கள். கேமை உருவாக்கியவர் போலந்தைச் சேர்ந்த கிரெக் ஸ்டிச்சென். ஸ்லாவிக் மேஜிக் என்பது அவருடைய ஸ்டுடியோ. தனி ஆள் செய்த கேம் என்று எல்லோரும் சொல்வார்கள். இசை, அனிமேஷன் போன்றவற்றுக்கு வெளியாட்கள் உதவியிருக்கிறார்கள், ஆனாலும் மையமான வேலை ஒருவருடையதுதான். ஏறத்தாழ ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2024 ஏப்ரல் 26 அன்று ஹூடட் ஹார்ஸ் என்ற பப்ளிஷர் வழியாக எர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு விடும் முறையில், வந்தது. வருவதற்கு முன்பே ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விஷ்லிஸ்டில் (வாங்க விரும்பும் பட்டியலில்) போட்டு வைத்திருந்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் 10 லட்சம் காப்பி போனது. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 1,73,000 பேருக்கு மேல் விளையாடினார்கள். வெளியாவதற்குச் சில நாள் முன்பு ஸ்டிச்சென் ஒரு குறிப்பு எழுதினார்: இது பெரும் படைப்போர் கேமான டோட்டல் வாருக்குப் போட்டி இல்லை, இதில் போர்கள் சிறிய அளவில்தான் இருக்கும், இது முதன்மையாக ஊர் கட்டும் கேம், ரோல்பிளேயிங் கேமும் இல்லை என்று. எதிர்பார்ப்பைக் குறைக்க ஒரு டெவலப்பர் தானாக முன்வந்து எழுதுவது அபூர்வம். ஆனால் ட்ரெய்லர் பார்த்தவர்களின் எண்ணிக்கை எங்கே, அந்தக் குறிப்பைப் படித்தவர்களின் எண்ணிக்கை எங்கே!

சரி, ஏன் தாமதம்? ஒரு பாலத்தை வைத்துச் சொல்கிறேன். 2025இல் மேனர் லார்ட்ஸுக்கு வந்த பெரிய அப்டேட்டில் புதிய மேப்புகளோடு பாலங்களும் வந்தன. "ஆற்றின் மேல் ஒரு பலகையைப் போட இத்தனை மாதமா" என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கேமிலும் பாதியில்தான் பாலத்தைச் சேர்த்தோம். மாடலும் அனிமேஷனும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டன. பாலத்தின் மேல் ஆட்கள் நடந்தார்கள், வண்டி போனது, எல்லோருக்கும் திருப்தி. சில நாள் கழித்து டெஸ்டிங்கிலிருந்து ஒரு பக் ரிப்போர்ட் வந்தது: "மூன்றாவது குளிர்காலத்தில் மக்கள் குளிரில் செத்துப்போகிறார்கள், கிடங்கில் விறகு இருக்கிறது." பாலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. வெப்பநிலைக் கணக்கைப் பார்த்தோம், வீட்டின் விறகுச் செலவைப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது.

கடைசியில் தெரிந்தது இதுதான். விறகு சுமப்பவர் எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் கோடு, நேர்கோட்டுத் தூரத்தை வைத்துத்தான் "அருகில் இருப்பது எது" என்று பார்த்தது. உண்மையான நடைபாதைத் தூரத்தை ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் கேம் திணறும் என்பதால் அப்படி எழுதப்பட்டிருந்தது. ஆறு இருந்த வரை பிரச்சினை இல்லை. அக்கரைக் கிடங்கு போகமுடியாத இடம் என்று முன்கூட்டியே வடிகட்டப்பட்டுவிடும். பாலம் வந்ததும் அக்கரை போகமுடிந்த இடமாகிவிட்டது. ஆற்றோர வீட்டுக்காரருக்கு நேர்கோட்டில் மிக அருகில் இருப்பது எதிர்க்கரைக் கிடங்கு. அங்கே போக ஆற்றோரமாகவே வெகுதூரம் நடந்து, பாலம் ஏறி, மறுகரையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஆள் போய் வருவதற்குள் அடுப்பு அணைந்துவிடும். இதைச் சரிசெய்ய உண்மையான பாதைத் தூரத்தைக் கணக்கிட்டுச் சேமித்து வைக்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்தோம். உடனே அடுத்தது முளைத்தது: விளையாடுபவர் பாலத்தை இடித்தால் சேமித்து வைத்த தூரம் எல்லாம் பொய்யாகிவிடும், ஆட்கள் சுமையோடு கரையில் போய் நின்றுவிடுவார்கள். பழைய சேவ் ஃபைல்களில் இந்தத் தூரக் கணக்கே இருக்காது, அவற்றைத் திறக்கும்போது புதிதாக உண்டாக்க வேண்டும். ஒரு பாலத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. பேட்ச் (அப்டேட்) குறிப்பில் அது ஒரே வரியாக வந்தது.

மேனர் லார்ட்ஸில் இதற்கு மேலும் இரண்டு சுமை உண்டு. மாடு மரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. இழுபடும் மரத்துக்குத் திரும்ப இடம் வேண்டும். அதே பாலத்தில் படை வரிசை கலையாமல் ஏற வேண்டும், நடுவில் சண்டை வந்தால் அங்கேயே நின்று சண்டையிட வேண்டும். அவர்களுக்கு எந்தத் தொல்லை வந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும், ஆனால் ஒன்றும் வராமல் போயிருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

இதே பின்னல்தான் பொருளாதாரத்திலும். பார்லியை விளைவித்து, மால்ட் ஆக்கி, ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி, மதுக்கூடத்துக்குக் கொண்டுபோனால்தான் வீடுகள் மூன்றாம் நிலைக்கு ஏறும். "ஏல் போதவில்லை" என்று பத்தாயிரம் பேர் புகார் செய்கிறார்கள் என்று வையுங்கள். பார்லி விளைச்சலைக் கொஞ்சம் கூட்டினால் வயலுக்குத் தேவையான குடும்பங்கள் குறையும். மிச்சப்பட்ட குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போகும். வீடுகள் சீக்கிரம் மேல்நிலைக்கு ஏறி வருமானம் கூடும், அந்தப் பணத்தில் வணிகப் பாதைகள் திறக்கும், இறக்குமதி செய்துகொண்டே விவசாயம் இல்லாமல் ஜெயிக்கலாம் என்று ஒருவர் வீடியோ போடுவார். இது காகிதக் கணக்கில் தெரியாது, கேமுக்குள் ஆறேழு ஆண்டு ஓடிய கிராமத்தில்தான் தெரியும். அதாவது டெஸ்ட் செய்பவர் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு முழுக் கிராமத்தை முதலிலிருந்து வளர்க்க வேண்டும். துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரு ஆயுதத்தின் வலுவை மாற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும், அதுவும் வேகத்தை முடுக்கிவிட்டு. வெளியான முதல் சில வாரங்களில் வில்லாளர்களின் வலுவையும் வணிக விலையையும் அவர்கள் திரும்பத் திரும்ப மாற்றியது நினைவிருக்கும். அந்த மாற்றங்களை முதலில் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) விட்டு, அதற்குப் பிறகு எல்லோருக்கும் கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

கம்ப்யூட்டர் ஆட்டும் எதிரிப் பிரபுவான போட்டி பாரனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: "அவன் ஏன் ஊரே கட்டாமல் நிலத்தை மட்டும் பிடிக்கிறான்?" முதல் பதிப்பில் அவனுக்கு மேப்பில் உண்மையான கிராமம் கிடையாது, பகுதிகளுக்கு உரிமை கோருவான், படை அனுப்புவான், அவ்வளவுதான். இது சோம்பேறித்தனம் என்று பலர் எழுதினார்கள். என் ஊகம் வேறு. உங்கள் கிராமத்தில் ஒவ்வொரு ஆளும் பாதை தேடுகிறார், வேலை தேடுகிறார், சாப்பாடு தேடுகிறார். எதிரிக்கும் அதே மாதிரி நிஜக் கிராமம் கொடுத்தால் உங்கள் கம்ப்யூட்டர் செய்யும் கணக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதோடு, மனிதனே திணறும் அந்த விறகு, ஏல், வயல் சுழற்சி எல்லாவற்றையும் பட்டினி கிடக்காமல் நிர்வகிக்க ஒரு ஏஐ எழுத வேண்டும். சமநிலை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளாதாரத்துக்கு ஏஐ எழுதினால், அடுத்த பேட்சில் அதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். நானாக இருந்தாலும் அதைத் தள்ளித்தான் போட்டிருப்பேன்.

கண்ணுக்கே தெரியாத வேலை ஒன்றும் நடந்தது. அதே 2025 அப்டேட்டில் கேம், அதை இயக்கும் அடித்தள மென்பொருளான அன்ரியல் என்ஜினின் 4ஆம் பதிப்பிலிருந்து 5க்கு மாறியது. விளையாடுபவருக்கு இதில் நேரடி லாபம் பெரிதாகத் தெரியாது. உள்ளே பார்த்தால் வெளிச்சம், நிழல், இயற்பியல், பாதை தேடல், சேவ் செய்யும் முறை என்று எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்துத்தான் மூட வேண்டும். மாற்றம் நடக்கும் மாதங்களில் புதிய அம்சங்களைச் சேர்ப்பதும் நடைமுறையில் முடியாது, சேர்த்தால் இரண்டு பதிப்பிலும் சேர்க்க வேண்டும். அப்படியானால் ஏன் மாற வேண்டும்? பழைய என்ஜினுக்கு அதைத் தயாரித்தவர்களே மெல்ல மெல்லக் கவனம் குறைத்துவிடுவார்கள். கேம் இன்னும் பல வருடம் வளரப்போகிறது என்றால் சின்னதாக இருக்கும்போதே மாறிவிடுவது நல்லது. கேமைக் கைகழுவ நினைப்பவர்கள் யாரும் இந்த வேலையில் இறங்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த கேம் கைவிடப்படவில்லை என்பதற்கு மிக வலுவான சாட்சி உங்களுக்கு எரிச்சலூட்டிய அந்த அப்டேட்தான்.

இப்போது பணம். பத்து லட்சம் காப்பி விற்ற கையோடு ஐம்பது பேரை எடுத்தால் என்ன? பெரிய மென்பொருள் திட்டங்களை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: தாமதமாகிவிட்ட திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய அனுபவத்திலிருந்து அவர் சொன்னது அது. ஒரே ஆள் ஏழு வருடம் எழுதிய கோடில் இது இன்னும் கடுமை. அதில் பாதி அறிவு கோடில் இல்லை, அவர் தலைக்குள் இருக்கிறது. இந்த மாறியை ஏன் இங்கே பூஜ்யமாக்கினார், அந்தக் கிடங்குக் கணக்கை ஏன் இரண்டு தடவை கூப்பிடுகிறார் என்று கேட்க ஒரே ஆள்தான் உண்டு. புதிதாக வருபவர் உருப்படியாக வேலை செய்ய மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அவருக்குச் சொல்லிக் கொடுப்பது யார்? கேமை எழுத வேண்டிய அதே ஆள். இதில் ஓவியர்களும் சவுண்ட் ஆட்களும் விதிவிலக்கு. அவர்களைச் சேர்த்தால் பலன் சீக்கிரம் தெரியும். ஆனால் நீங்கள் கேட்பது புதிய வீட்டு மாடல்கள் இல்லையே, ராஜதந்திர உறவும் எதிரி ஏஐயும் அல்லவா?

ஆள் நிறைய இருக்கும் இடத்திலும் கதை இதேதான். பால்டர்ஸ் கேட் 3 எர்லி ஆக்சஸில் 2020 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை இருந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள்; பெரிய பேட்ச்களுக்கு நடுவே பல மாத இடைவெளி, அதுவும் முதல் அத்தியாயத்தில் மட்டும். இடைக்காலப் பின்னணியிலேயே வேண்டுமானால் மவுன்ட் அண்ட் பிளேடு 2: பேனர்லார்ட். 2012இல் அறிவித்து, 2020 மார்ச்சில் எர்லி ஆக்சஸுக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும் என்றார்கள், முழுப் பதிப்பு வந்தது 2022 அக்டோபரில். உங்கள் நிலைமைக்கு மிகப் பொருத்தமானது வால்ஹைம்: ஐந்து பேர் கொண்ட ஸ்வீடன் குழு, 2021 பிப்ரவரியில் வெளியாகி ஒரு மாதத்தில் 50 லட்சம் காப்பி. அந்த ஆண்டுக்கு நான்கு பெரிய அப்டேட் என்று ரோட்மேப் (என்னென்ன வரும் என்ற திட்டப் பட்டியல்) கொடுத்திருந்தார்கள். வெற்றி வந்ததும் அத்தனை பேர் கண்டுபிடித்த பக்குகளைச் சரிசெய்வதிலேயே மாதங்கள் போயின. ரோட்மேப்பை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு வந்தது ஒரே ஒரு பெரிய அப்டேட், செப்டம்பரில். பட்டியலில் இருந்த மிஸ்ட்லாண்ட்ஸ் 2022 டிசம்பரில்தான் வந்தது. பெரிய விற்பனை ஆரம்பத்தில் வேலையை மெதுவாக்கும். இது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும், நேரில் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமே இல்லை.

2024 ஜூலையில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதமும் நடந்தது. தி லாங் டார்க்கை உருவாக்கிய ஹின்டர்லேண்டின் தலைவர் ரபேல் வான் லியரோப், போதிய உள்ளடக்கம் இல்லாமல் எர்லி ஆக்சஸுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேனர் லார்ட்ஸ் ஒரு பாடம் என்ற பொருளில் எழுதினார்; விளையாடுவோர் எண்ணிக்கை சரிந்ததைச் சுட்டிக்காட்டினார். ஹூடட் ஹார்ஸின் டிம் பெண்டர் கடுமையாக மறுத்தார். வாங்கியவர்கள் மகிழ்ச்சியாக விளையாடிவிட்டு வேறு கேமுக்குப் போவதில் தப்பில்லை, விளையாடுவோர் எண்ணிக்கையின் வரைகோடு மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் இந்தத் தொழிலைக் கெடுக்கிறது, இப்படிப் பேசுவோரைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஸ்டிச்செனிடமே சொன்னதாகவும் எழுதினார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். பெண்டர் சொன்னது டெவலப்பரின் உடல்நலத்துக்கும் கேமின் தரத்துக்கும் சரி. வான் லியரோப் சொன்னதில் மறுக்க முடியாதது, முதல் பதிப்பில் கடைசிக் கட்ட விளையாட்டு மெலிந்திருந்தது என்பது. கோட்டை, ராஜதந்திரம், எதிரி இவற்றைத் தொடுவதற்குள் செய்ய வேண்டியது தீர்ந்துவிடும். நீங்கள் முதல் மாதத்தில் மோதிய சுவர் அதுதான். ஆனால் சரியும் எண்ணிக்கையைக் கேமின் சாவாகப் படிப்பது மட்டும் தவறு. தனியாளாக விளையாடும் எந்த கேமுக்கும் அந்த வளைவு இப்படித்தான் இருக்கும்.

உங்கள் பக்க நியாயம் எங்கே என்று சொல்கிறேன். வேலை மெதுவாக நடப்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் வேலை நடப்பது வெளியே தெரியாமல் இருப்பதைச் சொல்லலாம். ஃபேக்டரியோ என்ற கேமின் குழு வாரந்தோறும் வெள்ளிக்கிழமை என்ன செய்தோம், எது கைகூடவில்லை என்று எழுதினார்கள். அவர்களும் ஸ்டீமில் 2016 முதல் 2020 வரை எர்லி ஆக்சஸில்தான் இருந்தார்கள், ஆனால் யாரும் "கைவிட்டுவிட்டார்களா" என்று கேட்கவில்லை. வாரத்துக்கொன்று ஒரு சிறு குழுவுக்கு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். எழுத உட்காரும் ஒவ்வொரு மணியும் கோடிலிருந்துதான் போகிறது. மாதம் ஒரு பத்தி எழுதலாம். அது தாங்கமுடியாத சுமை என்று எவராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். காசு கொடுத்து வாங்கியவர் அதை எதிர்பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனமும் இல்லை.

ரோட்மேப் வேண்டும் என்கிறீர்களே, அதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. விண்வெளி கேமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 அழகான ரோட்மேப்போடு 2023 பிப்ரவரியில் வந்தது: அறிவியல், காலனிகள், வேறு நட்சத்திரங்கள், மல்டிபிளேயர். பெரிய பப்ளிஷர், முழு ஸ்டுடியோ. அறிவியல் அப்டேட் மட்டும் டிசம்பரில் வந்தது. 2024இல் ஸ்டுடியோவே மூடப்பட்டது, மற்றவை வரவே இல்லை. ஊர் கட்டும் வகையிலேயே ஸ்டோன்ஹார்த் இருக்கிறது: 2013இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கி, 2018இல் சொன்ன பல அம்சங்கள் இல்லாமலே 1.0 என்று எண் போட்டு முடித்தார்கள். ரோட்மேப் ஆசையைக் காட்டும், உத்தரவாதம் ஆகாது. ஸ்டீமும் எர்லி ஆக்சஸில் கேம் விடுபவர்களிடம், எதிர்காலத்தைப் பற்றிக் குறிப்பான வாக்குறுதி கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. வாங்குபவர்களிடமும் சொல்கிறது: சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமல் போகலாம், இன்றைய நிலையில் விளையாட ஆசை இருந்தால் மட்டும் வாங்குங்கள் என்று. இன்றைய நிலை பற்றிய எச்சரிக்கை கடைப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ட்ரெய்லருக்குக் கீழே. அதனால்தான் ஏமாந்தீர்களா என்ற கேள்விக்கு, ஏமாற்றப்படவில்லை, ஆனால் ஏமாற்றம் அடைந்தது நியாயம் என்று சொல்வேன்.

மெதுவாக நடப்பதையும் நின்றுபோனதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒன்று, பேட்ச் குறிப்பைப் படியுங்கள், அளவைப் பார்க்காதீர்கள். "கிடங்கு ஆள் பாதி வழியில் சுமையைப் போட்டுவிடும் சிக்கல் சரிசெய்யப்பட்டது" என்ற மாதிரி குறிப்பான வரிகள் இருந்தால் யாரோ உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். "நிலைத்தன்மை மேம்பாடு" என்று பொத்தாம்பொதுவாக மட்டும் வர ஆரம்பித்தால் கவலைப்படலாம். இரண்டு, ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டால் வெளியே வராத உள் பதிப்புகள் எப்போது மாறின என்ற தேதி தெரியும். வெளியே அமைதியாக இருக்கும் காலத்தில் உள்ளே அசைவு இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். அசைவு இருந்தால் வேலை நல்ல வேலை என்று அர்த்தமில்லை, வேலை நடக்கிறது என்று மட்டும் அர்த்தம். மூன்று, ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் கேமின் பக்கத்தில் 2025 முதல் ஸ்டீமே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடுகிறது. டெவலப்பர் எங்கேயோ பேட்டி கொடுத்தார், யாரோ கசியவிட்டார் என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

ரீஃபண்ட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் கேள்வி கேட்காமல் திருப்பித் தருவார்கள். எர்லி ஆக்சஸுக்கும் அதே விதி. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி வெகுநாள் ஆகிறது, அந்த வழி அடைபட்டுவிட்டது. அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் கேமின் ப்ராப்பர்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போய்ச் சோதனைப் பதிப்புக்கு மாறிப் பாருங்கள். மாறுவதற்கு முன் சேவ் ஃபைல்களை வேறு ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த கிராமம் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். அங்கே மாடு எங்காவது மரத்தோடு நின்றுவிட்டால், "கேம் குப்பை" என்று எழுதும் அதே நேரத்தில் அந்த சேவ் ஃபைலையும், எந்த மாதம் எந்த வீட்டருகே நின்றது என்பதையும் சேர்த்து பக் ரிப்போர்ட்டாக அனுப்புங்கள். எங்கள் விறகுச் சிக்கலைப் பிடிக்க உதவியதும் டெஸ்டர் ஒருவர் அப்படி இணைத்து அனுப்பிய சேவ் ஃபைல்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் வெப்பநிலைக் கணக்கையே இன்னும் பல நாள் குடைந்துகொண்டிருந்திருப்போம்.